மயிலாத்தாள் சோதித்த தார்ப்பாய்

பீளமேட்டில், மில்களுக்குப் பின்புறம் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் கந்தப்பன் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான். தோட்டம் தோட்டமாகக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. மாடு பூட்டி இறைத்த கமலையை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிணற்றில் மோட்டார் இறக்கியவர்கள், அது கருகியதும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவனிடம் வருவார்கள். கருகிய கம்பியைப் பிய்த்தெடுத்து, பள்ளங்களில் புதுக் காகிதம் செருகி, செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். வேலை சுத்தமாக இருக்கும். பேச்சு குறைவு.

அவன் மனைவி மயிலாத்தாள் பக்கத்து மில்லில் துணி சோதிக்கிற வேலையில் இருந்தாள். தறியிலிருந்து வரும் துணியைச் சாய்வான மேசைமேல் இழுத்து, அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்த்து, இழை விட்ட இடத்திலும் முடிச்சு விழுந்த இடத்திலும் சாக்கட்டியால் கோடு போட வேண்டும். ஒன்பது வருடம் அதைச் செய்தவள். கடைவீதியில் நடக்கும்போதுகூட முன்னால் போகிறவர் சட்டையில் இழை குறைவதைச் சொல்லிவிடுவாள். எல்லாத் துணியிலும் குறை கண்டுபிடிக்கிறவள் தன்னை மட்டும் எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று கந்தப்பன் கேலி செய்வான். வெளிச்சம் பத்தாத நேரத்தில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள் என்று அவள் பதில் சொல்வாள்.

1955ஆம் வருடம் கோடையில் அவளுக்கு இருமல் வந்தது. பஞ்சுத்தூசி என்று நினைத்து இரண்டு மாதம் கசாயம் குடித்தாள். பிறகு மாலையானால் காய்ச்சல், உடம்பு இளைப்பு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இடது நெஞ்சின் மேல்பக்கம் ஒரு நிழல் இருந்தது. பெருந்துறைக்கு அந்தப் பக்கம் காசநோய்க்கான ஒரு சானடோரியத்தில் அவளுக்கு ஆகஸ்ட் கடைசியில் படுக்கை கிடைத்தது. பத்து மாதமாவது இருக்க வேண்டும், ஊசியும் மருந்தும் முழு ஓய்வும்தான் வைத்தியம் என்றார்கள். பார்க்க வருகிறவர்களுக்குப் புதனும் ஞாயிறும் மாலை நாலிலிருந்து ஐந்து வரை நேரம்.

அவளை விட்டுவிட்டுக் கிளம்பும்போது மயிலாத்தாள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். அவன் வேலையைக் கெடுத்துக்கொண்டு அடிக்கடி வர வேண்டாம், மாதம் ஒருமுறை வந்தால் போதும், தனக்கு இங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறது என்றாள். பக்கத்துக் கட்டிலில் மேட்டுப்பாளையத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தாஜுன்னிசா என்று பேர், இருபது வயது இருக்கும். அவளைக் காட்டித்தான் சொன்னாள். கந்தப்பன் தலையாட்டினான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனான்.

மூன்றாவது ஞாயிறு பஸ் அவிநாசியைத் தாண்டி நின்றுவிட்டது. ஒருவழியாக வேறு பஸ் பிடித்து அவன் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். கேட்டை மூடிவிட்டார்கள். வாட்ச்மேன் மரியாதையாகத்தான் மறுத்தார். கந்தப்பன் சுற்றுவேலியை ஒட்டியே நடந்து, கட்டடத்துக்குத் தென்மேற்கே இருந்த மரத்தோப்புக்கு வந்தான். வேம்பும் வெள்வேலும் நின்ற புறம்போக்கு நிலம். அங்கிருந்து பார்த்தால் பெண்கள் வார்டின் திறந்த வராந்தாவும், வரிசையாகப் போட்ட கட்டில்களும் தெரிந்தன. வராந்தாக் கோடியில் தூணைப் பிடித்தபடி மயிலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டவள் அவள். ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரமும் இல்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போகும்வரை அப்படியே நின்றாள்.

அந்த வாரம் கந்தப்பன் பீளமேட்டுக் கொட்டகையைப் பூட்டினான். கைக்கு வந்திருந்த மோட்டார்களை முடித்துக் கொடுத்துவிட்டு, கம்பி, காகிதம், வார்னிஷ் டின், கரியடுப்பு, ஆயுதப்பெட்டி எல்லாவற்றையும் சாக்கில் கட்டினான். பெருந்துறைப் பக்கமும் மோட்டார் கருகத்தானே செய்யும். இந்த வேலைக்கு ஓர் ஆள் உட்கார இடம் இருந்தால் போதும்.

அந்த இடம்தான் கிடைக்கவில்லை. சானடோரியத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் மூன்று வீடுகளில் கேட்டான். மூன்று பேரும் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். யாரைப் பார்க்க வந்திருக்கிறான் என்று கேட்டார்கள். சொன்னதும், ஊடு தோதுப்படாதுங்க என்றார்கள். மூன்றாவது வீட்டில், திருமூர்த்தி கவுண்டர் என்பவர், தோட்டத்தில் காலியாகக் கிடந்த சாளைக் குடிசையைக் காட்டி வாடகைகூடப் பேச ஆரம்பித்தவர், சானடோரியம் என்ற சொல் வந்ததும் நிறுத்திக்கொண்டார். அவன் குடித்த டம்ளரை அவர் வீட்டம்மாள் தனியாக எடுத்து வைத்ததைக் கந்தப்பன் பார்த்தான். அவர்கள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. பயம் அவனுக்கும் இருந்தது. அது வேறு மாதிரியான பயம்.

தோப்பில் நாலு மரத்துக்கு நடுவே தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்துவிடுவது என்று முடிவுசெய்தான். ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தான் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். காயிலில் ஈரம் ஏறினால் மோட்டார் ஓட்டின அன்றே கருகிவிடும். அதனால் தண்ணீர் இறங்காத தார்ப்பாயாக வேண்டும். புதுசு வாங்கக் கையில் காசு இல்லை. அவனுக்குச் செம்புக்கம்பி விற்கிறவர், போத்தனூரில் இருந்த அழகிரிசாமி என்பவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான்களை அவர் ஏலத்தில் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார்.

அழகிரிசாமியின் கிடங்கில் பூட்சும் தண்ணீர்க் குப்பியும் மலையாய்க் கிடந்தன. தார்ப்பாய்கள் மடித்து அடுக்கியிருந்தன. கந்தப்பன் கேட்ட விலைக்குள் ஒன்றுதான் இருந்தது. காக்கி நிறம், பதினைந்தடிக்குப் பன்னிரண்டு, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. ஆனால் மேலே மொடமொடவென்று புதுசு போல இருந்தது. மழைக்குத் தாங்குமா என்று கந்தப்பன் கேட்டான். அழகிரிசாமி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றது. அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். காய்ந்துதான் இருந்தது. கந்தப்பனுக்குக் கம்பி தெரியும், துணி தெரியாது. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை அதை மயிலாத்தாளிடம் காட்டக் கொண்டுபோனான். தார்ப்பாயோடு பார்வையாளர் வரிசையில் நின்றவனை வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவன் தோப்பில் தங்கப்போகிறான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். பாம்பு, மழை, சாப்பாடு, வேலை என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாவற்றுக்கும் அவன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"கொண்டாங்க இப்பிடி. எதை வாங்கிட்டு வந்திருக்கறீங்கன்னு பாக்கலாம்."

கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு முனையைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் மேல்பக்கத்தைச் சுரண்டினாள். மாவு போல வெள்ளையாக நகத்தில் ஒட்டியது. அதை அவனுக்குக் காட்டினாள்.

"இது துணியோட பலமில்லீங்க. பூச்சோட பலம். கஞ்சியும் சுண்ணாம்பும் மெழுகும் போட்டு மேல தேச்சிருக்கறாங்க. ரெண்டு மழை பேஞ்சா கரைஞ்சு போயிரும்."

சொம்புத் தண்ணீர் நின்றதே என்றான் கந்தப்பன். சொம்புத் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் பார்ப்பதெல்லாம் சோதனை இல்லை என்று அவள் விளக்கினாள். மழை ஒரு நிமிடத்தில் விடுவதில்லை. நாலு முனையையும் மரத்தில் கட்டி, நடுவே தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, காலையிலிருந்து உச்சி வரை வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்து வைக்க வேண்டும். எங்கே எத்தனை சொட்டு விழுந்தது என்று தாள் சொல்லும். தண்ணீர் நிற்கும்போது அடியில் விரலால் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் நீர் கோத்துக்கொண்டு இறங்கும்.

அவ்வளவும் பேசியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து பேச்சு போதும் என்றார்; தார்ப்பாயை வெளியே கொண்டுபோய், கிருமி சாக இரண்டு நாள் நல்ல வெயிலில் போடச் சொன்னார். ஆனால் மயிலாத்தாள் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததைக் கந்தப்பன் கவனித்தான். வந்த நாளிலிருந்து அவள் ஊசிக்குக் கை நீட்டுவதும் தெர்மாமீட்டருக்கு வாய் திறப்பதுமாகவே இருந்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

தாஜுன்னிசா பிறகு கேட்டாளாம், இத்தனை குறை சொல்லிவிட்டாயே அக்கா, பாவம் என்று. குறையைச் சொல்லாமல் விட்டால் நனையப் போவது அவர்தானே என்றாளாம் மயிலாத்தாள்.

சனிக்கிழமை காலை கந்தப்பன் அவள் சொன்னபடியே செய்தான். பொதுக்கிணற்றிலிருந்து பன்னிரண்டு குடம் சுமந்து ஊற்றினான். தார்ப்பாய் சினைமாட்டு வயிறு போலத் தொங்கியது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அழகிரிசாமி ஏமாற்றவில்லை என்று நினைத்தான். பிறகு அடிப்பக்கம் வியர்ப்பது போல் பனித்தது. அப்புறம் ஒரு சொட்டு. உச்சிக்குள் தாளில் ஏழு இடத்தில் ஈரம். அதில் நாலு ஒட்டுத் தையலின் ஓரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தான். அவள் கவலைப்பட்டால் காய்ச்சல் ஏறும். காய்ச்சல் ஏறினால் நாள் கூடும். அதனால், நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன், சொட்டுக்கூட இறங்கவில்லை என்று சொன்னான்.

மயிலாத்தாள் அவனைப் பார்த்தாள்.

"எத்தன எடத்துலீங்க?"

"ஏழு," என்றான்.

அவள் கோபப்படவில்லை. தாளையும் கொண்டுவந்திருக்கிறானா என்றுதான் கேட்டாள். கொண்டுவந்திருந்தான். பொய் சொல்லத் தீர்மானித்தவன் எதற்காக அதை மடித்துப் பையில் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் ஈரக்கறைகளைக் கணக்கெடுத்தாள். துணியின் நடுவில் மூன்றுதான், அதுவும் அத்தனை நேரத்துக்கு மூன்றுதான் என்றால் நெசவு நெருக்கமாக இருக்கிறது என்றாள். நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் இரட்டை நூல். நூல் நல்ல நூல், பூச்சுதான் ஏமாற்று. பூச்சை எடுத்துவிட்டால் துணியைத் தேற்றலாம்.

மில் கிடங்கில் லாரி தார்ப்பாய்களைத் தேற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். வழியை ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் ஓடும் தண்ணீரில் அலசிப் பழைய பூச்சு முழுக்கப் போக வேண்டும். பிறகு துவைக்கிற கட்டிச் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து அதில் ஊறப்போட வேண்டும். பிழியாமல் தொங்கவிட்டு, அரைகுறையாகக் காய்ந்ததும் படிகாரத் தண்ணீரில் முக்க வேண்டும். சோப்பும் படிகாரமும் நூலுக்குள்ளேயே சேர்ந்து தண்ணீரை உள்ளே விடாமல் நிற்கும். தையல் ஓரங்களில் மட்டும் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சூடு காட்ட வேண்டும். முதல் மழைக்குக் கொஞ்சம் கசியும், பயப்பட வேண்டாம், நூல் உப்பி, இழைகளுக்கு நடுவே இருக்கிற கண்ணை மூடிக்கொள்ளும் என்றாள். மறுபடியும் சொன்னாள், உள்ளேயிருந்து மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்று.

கந்தப்பன் கீழ்பவானி வாய்க்காலுக்கு வாடகை வண்டியில் தார்ப்பாயைக் கொண்டுபோய் அலசினான். அரை நாள் தண்ணீர் வெள்ளையாகவே ஓடியது. வாய்க்காலில் மாடு கழுவ வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாதியாக வெட்டிய டீசல் பீப்பாயில் சோப்புத் தண்ணீரும், மறுநாள் படிகாரத் தண்ணீரும் காய்ச்சினான். காய்ந்தபின் தார்ப்பாயின் மொடமொடப்பு எல்லாம் போய், துவைத்த போர்வை மாதிரித் தொய்ந்து கிடந்தது. பார்த்தால் முன்னைவிட மட்டமாக இருந்தது. மனசில் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனாலும் நாலு மரத்துக்கு இழுத்துக் கட்டினான்.

மழை ஐப்பசி மூன்றாம் தேதி மத்தியானம் வந்தது.

அந்த வாரம் மயிலாத்தாளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்ததால் தலையணையிலிருந்து எழக்கூடாது என்று உத்தரவு. தாஜுன்னிசாவுக்கு நடக்க அனுமதி இருந்தது. வானம் கறுத்ததும் அவளே தூண் பக்கம் போய் நின்றுகொண்டு, தோப்பில் நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் படுதா நேராக நிற்கிறது என்றாள். பிறகு, ஒரு பக்கம் தொங்குகிறது என்றாள்.

"எந்தப் பக்கம் கண்ணு? நடுவுலயா, ஓரத்துலயா?"

"நடுவுலக்கா. தண்ணி கட்டி நிக்குதாட்ட இருக்குது."

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் தண்ணீர் கட்டினால் கனம் ஏறும். கனம் ஏறினால் எத்தனை நல்ல துணியும் விட்டுக்கொடுக்கும். உள்ளேயிருந்து கையாலோ கோலாலோ தூக்கிவிடத்தான் யாருக்கும் தோன்றும். தூக்கினால் தொட்ட இடமெல்லாம் ஒழுகும். இதை அவனிடம் சொல்லவில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தொடக்கூடாது என்று சொன்னாளே தவிர, தண்ணீர் கட்டினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். நர்ஸ் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார்.

தாஜுன்னிசா சொன்னாள், அண்ணன் வெளியே வந்துவிட்டார் என்று. கொட்டும் மழையில் நிற்கிறார். ஒரு மூலைக் கயிற்றை அவிழ்க்கிறார். அந்த மூலையைத் தாழ்த்துகிறார். தண்ணீர் மொத்தமாகக் கொட்டிவிட்டது. மறுபடியும் கட்டுகிறார். உள்ளே போகிறார். இல்லை, திரும்பவும் வெளியே வருகிறார், அடுத்த மூலைக்கு.

"படுதாவைத் தொடக்கூடாதுன்னு வெளில நின்னு நனையறாருக்கா," என்றாள் தாஜுன்னிசா.

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். சானடோரியத்துக்கு வந்தபிறகு அவள் சிரித்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபின் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் வைதுகொண்டே முதுகைத் தடவிவிட்டார்.

அடுத்த நாள் புதன்கிழமை. கந்தப்பன் வந்து நடந்ததைச் சொன்னான். ஆரம்பத்தில் இரண்டு இடத்தில் பனி மாதிரி இறங்கியது, அரைமணியில் நின்றுவிட்டது. தையலில் ஒன்றும் இல்லை. கம்பிச் சுருளும் காகிதமும் வார்னிஷும் காய்ந்தபடியே இருந்தன. ஒரே ஒரு இடத்தில், நிமிரும்போது தலை பட்டுவிட்டது, அங்கே மட்டும் மழை விடும்வரை சொட்டிக்கொண்டே இருந்தது என்றான். அந்த இடத்துக்கு நேர் கீழே சோற்றுப் பானையை வைத்துவிட்டானாம். தலையைத் துவட்டினீர்களா என்று அவள் கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டாள்.

அதற்குப் பிறகு மோட்டார்கள் வர ஆரம்பித்தன. சானடோரியத் தோப்பில் ஒரு மேஸ்திரி இருக்கிறார், கட்டின காயில் கருகுவதில்லை என்று பேச்சுப் பரவியது. வண்டியைத் தோப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு எட்டவே நின்று பேசுவார்கள். அவனும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் திருமூர்த்தி கவுண்டரே வந்தார். மஞ்சள் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் புகைந்துவிட்டது. அவனை அடையாளம் தெரிந்ததும் அவருக்கு முகம் மாறியது. கந்தப்பன் ஒன்றும் நடவாதது போல மோட்டாரைத் திறந்து பார்த்தான். மூன்று நாள் ஆகும் என்றான். அவர் கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் தார்ப்பாயின் அடியில் வந்து, ஒரு மரக்கட்டையின் நுனியில் உட்கார்ந்தார்.

மழை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பெய்தது. கந்தப்பன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவுண்டர் அண்ணாந்து தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் வடகிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்ததால் சாரல் உள்ளே வந்து அவர் முழங்கால் வரை நனைத்தது. சாமான்களையெல்லாம் பின்னால் ஒதுக்கிவைத்திருந்த கந்தப்பன், தான் மட்டும் சாரல் அடிக்கிற பக்கமாகவே உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், வாடைக்காற்று அடிக்கிற பக்கத்தைத்தானே தாழ்த்திக் கட்ட வேண்டும், இத்தனை கருத்தாக வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா என்று. கந்தப்பன் தெரியுமுங்க என்று மட்டும் சொன்னான். கவுண்டர் நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்குத் தான் சொன்னது தப்பு, சாளை காலியாகத்தான் இருக்கிறது, நாளைக்கே வந்துவிடு, காசு ஒன்றும் வேண்டாம் என்றார்.

கந்தப்பன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான்.

"நீங்க சொன்னதே போதுமுங்க. ஆனா, அங்க வந்தா இது தெரியாதுங்களே," என்று திறந்திருந்த பக்கத்தைக் காட்டினான். மழைக்குள் வேலியும், அதற்கு அப்பால் மங்கலாக வராந்தாவும் தெரிந்தன. "கோடியிலிருந்து மூணாவது கட்டில். எங்கூட்டு அம்மணி அங்கிருந்து பாத்தா நான் தெரியோணுமுங்க. அதுக்குத்தான் இந்தப் பக்கம் மறைக்கலீங்க."

திருமூர்த்தி கவுண்டர் அந்தத் திசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மழை விட்டதும் கிளம்பிப் போனார். மறுநாள் அவர் வண்டியில் பனையோலைத் தட்டிகள் வந்து இறங்கின. ஆளை அனுப்பாமல் தானே வந்து, சாரல் பக்கம் இடுப்புயரத்துக்கு மட்டும் தட்டியை நட்டுக் கட்டினார். பிறகு கந்தப்பன் வழக்கமாக உட்காருகிற இடத்தில் தான் உட்கார்ந்து பார்த்து, வராந்தா தெரிகிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போனார்.

கந்தப்பன் அந்தத் தோப்பில் பத்து மாதம் இருந்தான். மார்கழியில் மயிலாத்தாளுக்கு ரொம்ப மோசமாகி, இரண்டு வாரம் வராந்தாவிலிருந்து உள் அறைக்கு மாற்றினார்கள். கட்டில் காலியாகக் கிடந்த அந்த இரண்டு வாரமும் அவன் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே காயில் கட்டினான். அந்தச் சமயம் கட்டிய ஒரு மோட்டாரில் சுற்று எண்ணிக்கை தப்பிப்போய், முழுக்கப் பிரித்துத் திரும்பக் கட்டினான். அவன் வாழ்க்கையில் தப்பாகக் கட்டியது அது ஒன்றுதான் என்று பின்னாளில் மயிலாத்தாள் சொல்வாள். பதினைந்தாம் நாள் காலையில் தாஜுன்னிசா வராந்தாவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் கட்டிலை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

தையில் அவள் எடை கூட ஆரம்பித்தது. சித்திரையில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மூன்று மாதம் தொடர்ந்து அப்படியே வந்தபின், 1956 ஜூலையில் அனுப்பினார்கள். தாஜுன்னிசா அதற்கு முன்பே மேட்டுப்பாளையம் போய்விட்டாள்.

பஸ் ஏறுவதற்கு முன் மயிலாத்தாள் தோப்புக்கு வந்தாள். அதுவரை அவள் அந்தத் தார்ப்பாயின் அடியில் ஒருமுறைகூட நின்றதில்லை. கந்தப்பன் அவளை அந்த மரக்கட்டையில் உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி போட்டான். அவள் தையல்களை அண்ணாந்து பார்த்து, மெழுகு தேய்ந்த இடங்களைக் கவனித்தாள். அப்புறம் பனையோலைத் தட்டிக்கு மேலாக எதிரே பார்த்தாள். வராந்தா தெரிந்தது. கட்டில்கள் தீப்பெட்டி அளவுதான் இருந்தன. படுத்திருப்பது யார் என்று அடையாளம் சொல்ல முடியாது.

"இத்தன தூரத்துலீங்க," என்றாள்.

"கையைத் தூக்கினா தெரியும்," என்றான் கந்தப்பன்.

அன்று காலையில்தான் தாராபுரத்துப் பக்கமிருந்து ஒருவர் தன் அம்மாவைச் சேர்க்க வந்து, தங்க இடமில்லாமல் தோப்பில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். தார்ப்பாயை அவருக்கே விட்டுவிடலாம் என்று கந்தப்பன் சொன்னான். மயிலாத்தாள் சரி என்றாள். ஆனால் கொடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, அதன் குறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த இரண்டு இடத்தில் முதல் மழைக்குக் கசியும், எந்த ஒட்டு இன்னும் ஒரு வருடம்தான் தாங்கும், வருடத்துக்கு ஒருமுறை சோப்பும் படிகாரமும் எப்படிப் போட வேண்டும் என்றெல்லாம். இலவசமாக வருகிற பொருளுக்கு இத்தனை குறையா என்று அவர் திகைத்துப்போனார். பஸ் போய்விடும் என்று கந்தப்பன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பஞ்சுத்தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மயிலாத்தாள் திரும்ப மில்லுக்குப் போகவில்லை. பீளமேட்டுக் கொட்டகையில் கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்து காயில் கட்டப் பழகினாள். ஒரு வருடத்தில் அவனைவிட வேகமாகக் கட்டினாள். பொம்பளை கட்டின மோட்டாரா என்று முதலில் இழுத்தவர்கள் பிறகு அவளைக் கேட்டே வந்தார்கள். 1959-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து தாஜுன்னிசா ஒரு கூடை மலைக்காய்கறியோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

வருடம் ஒருமுறை சானடோரியத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து வர வேண்டும். 1963-ல் போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு, இனிமேல் நீங்கள் வர வேண்டியதில்லை அம்மா என்றார். மயிலாத்தாள் அந்தப் படத்தைத் தானும் ஒருமுறை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பலபேர் முன்னால் கணவன்மேல் சாய்கிறவள் இல்லை மயிலாத்தாள். அன்று திருமுருகன்பூண்டி தாண்டியதும் கந்தப்பன் தோளில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். பீளமேடு வந்தது. கண்டக்டர் இறங்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். கந்தப்பன் வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, கடைசி ஸ்டாப்புக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான்.